கோடு பார்த்து வைத்த கால்: காசிமேட்டு மொட்டை மாடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதம் மூன்றாவது ஞாயிறு, மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் கம்புப் பயிற்சி நடக்கும் மொட்டை மாடியில் ஒரு பையன் விழுந்தான். அடி வாங்கி விழவில்லை. எதிராளியின் கம்பு அவன் மேல் படவே இல்லை. இடது காலை எடுத்து முன்னால் வைத்தான், பாதம் வெளிப்பக்கமாக மடங்கியது, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காலடி எப்படி இருக்க வேண்டும் என்று காட்டச் சொல்லி நான் கூப்பிடுவதே அவனைத்தான். 14 மாதப் பயிற்சியில் பேலன்ஸ் பயிற்சியிலும் முக்கோணக் காலடியிலும் அவனுக்கு இணையாக அங்கே யாரும் இல்லை. அப்படிப்பட்டவன் ஏன் விழுந்தான் என்று தேடிப்போனதில் கிடைத்தது இது. கம்பு சொல்லிக்கொடுக்கிற யாருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். எழுதுவதற்கு அவன் சம்மதித்தான். பெயரை மட்டும் விட்டிருக்கிறேன்.

அவனுக்கு 19 வயது. விசைப்படகில் வேலை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும். அந்த இரண்டு மாதம்தான் அவனுக்கு ஒரு நாள் விடாமல் பயிற்சிக்கு வர வாய்ப்பு. அதனால் எதிராளியோடு நேருக்கு நேர் மோதிப் பழகும் ஸ்பாரிங்கை இந்தத் தடைக்காலத்தில் ஆரம்பிக்கலாம் என்று அவனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவனும் அதற்காகக் காத்திருந்தான்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது

நாங்கள் பழகுவது பிலிப்பைன்ஸ் நாட்டுக் கம்புக் கலை. ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று மூன்று பெயரும் புழக்கத்தில் உண்டு. 2009-இல் அந்த நாடு சட்டம் போட்டு ஆர்னிஸைத் தன் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. கம்பு சின்னது, பெரும்பாலும் 28 அங்குலம், கிட்டத்தட்ட 71 சென்டிமீட்டர். மூங்கில் இல்லை, பிரம்பு. மூங்கில் உடைந்தால் சிராய் கிளம்பும். பிரம்பு நார் நாராகப் பிரியும். நேருக்கு நேர் அடித்துப் பழக அது ஒரு பெரிய பாதுகாப்பு. ஸ்பாரிங்குக்கு நாங்கள் பஞ்சுக் குழாய் சுற்றிய கம்பும், முகத்துக்கு நேரே கம்பி வலை வைத்த ஹெல்மெட்டும் பயன்படுத்துகிறோம்.

காலடிக்கு அடிப்படை முக்கோணம். எதிராளி வீசுகிற கோட்டிலேயே பின்வாங்கினால் அடுத்த வீச்சு துரத்தி வரும். கோட்டிலிருந்து விலகி, ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் முன்னால் போனால் வீச்சு நம்மைத் தாண்டிப் போகும், நம் கம்புக்கு அவன் கை எட்டும். முனையில் நின்று இடது மூலைக்கு ஓர் அடி, திரும்ப முனைக்கு, வலது மூலைக்கு ஓர் அடி, திரும்ப முனைக்கு. ஆண் முக்கோணம், பெண் முக்கோணம் என்ற பெயர்கள் பரம்பரைக்குப் பரம்பரை மாறும். பெயரில் ஒன்றும் இல்லை, கால் போகிற இடம்தான் கணக்கு. நம் சிலம்பத்திலும் ஆசான் முதலில் தருவது காலடிதானே; சிலம்பம் கொஞ்சம் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடுகிறது.

அந்த முக்கோணத்தைத் தட்டோடு பதித்த தளத்தில் கோலமாவால் நான்தான் போட்டு வைப்பேன். கீழ்வீட்டுப் பாட்டி கொடுத்த டப்பா. நான் "இடம்", "வலம்" என்று சொல்லச் சொல்ல பிள்ளைகள் கோட்டின் மேல் கால் வைப்பார்கள். பேலன்ஸுக்குத் தனியாக 15 நிமிடம்: ஒற்றைக் காலில் நிற்பது, பிவிசி குழாய் மேல் பலகை போட்டு அதன் மேல் நிற்பது. கடைசியில், தகுதியானவர்களுக்கு மட்டும், ஸ்பாரிங். பேலன்ஸ் ஒரு பெட்டி, காலடி ஒரு பெட்டி, ஸ்பாரிங் ஒரு பெட்டி. முதல் இரண்டும் நிரம்பினால் மூன்றாவது தானாக நிரம்பும் என்பது என் நம்பிக்கையாக இருந்தது.

விழுந்த அன்று

முதலில் கால். அவனால் எழுந்து நான்கு அடி நடக்க முடிந்தது. கணுக்கால் எலும்புகளின் பின்விளிம்பைத் தொட்டு அழுத்தினால் வலி இல்லை. வலியெல்லாம் வெளிப்பக்கம், எலும்புக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளமான இடத்தில். நான்கு அடி வைக்க முடியாமல் போனாலோ எலும்பைத் தொட்டு வலித்தாலோ எக்ஸ்ரே கட்டாயம். இரண்டும் இல்லாவிட்டாலும் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எலும்பு முறிவு இல்லை, சுளுக்கு என்றார்கள். அவன் அம்மா உடனே சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப் போக நின்றார். வீங்கிய காலை முதல் இரண்டு மூன்று நாள் யாரும் அழுத்தித் தேய்க்க வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸும் கட்டும் போதும், காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "ஐஸுக்கு இன்னா குறை, வீடே ஐஸ் பொட்டிதான்" என்றார். அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார்.

இரவு உட்கார்ந்து என் நோட்டைப் புரட்டினேன். மூன்று ஞாயிறுகளில் அவன் ஆடிய சுற்றுகளில் 11 தடுமாற்றம். முந்தைய இரண்டு ஞாயிறுகளில் இரண்டு முறை கீழேயும் விழுந்திருக்கிறான். கூச்சம், புதுசு, பழகப் பழகச் சரியாகும் என்று கடந்து போயிருக்கிறேன். அப்படிக் கடந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது: படகில் நிற்கிறவனுக்குப் பேலன்ஸில் என்ன குறை இருக்க முடியும் என்று நினைத்துவிட்டேன். சேர்ந்த நாளிலிருந்து அவனை நான் சோதித்ததே இல்லை.

முதல் சந்தேகம் கோலமாவின் மேல். தட்டோட்டில் மாவு வழுக்கும். ஆனால் அந்த ஞாயிறு காலையிலேயே தளத்தைக் கழுவியாயிற்று. அதே இடத்தில் ஆடிய வேறு யாருக்கும் கால் போகவில்லை. பயம் காரணமா என்றால், அவன் பயப்படுகிறவன் மாதிரி ஆடவில்லை; உள்ளே போய்த்தான் விழுகிறான்.

வீடியோவில் தெரிந்ததும் தெரியாததும்

ஸ்பாரிங்கை மாணவி ஒருத்தி போனில் எடுத்து வைத்திருந்தாள். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். 11 தடுமாற்றத்தில் 9 இடது கால் தரையில் இறங்குகிற நொடியில். அந்த 9-இல் 7, எதிராளி ஏமாற்று வீச்சு காட்டியபோது. எதிராளி தன் வலப்பக்கத்திலிருந்து முதல் கோண வீச்சுக்கு (வீச்சு வரும் திசைகளை எண் போட்டுத்தான் சொல்வோம்) கை ஓங்குவான். இவன் வலது மூலைக்குக் கிளம்புவான். பாதியிலேயே எதிராளி மணிக்கட்டைத் திருப்பிப் புறங்கை வீச்சாக மாற்றுவான். இவன் அந்தரத்தில் மனதை மாற்றி இடது மூலைக்கு வருவான். இடது பாதம் இறங்கும்போது குதிகால் முதலில் படுகிறது, விரல்கள் உள்ளே பார்க்கின்றன, இடுப்பு இன்னும் வலப்பக்கமே இருக்கிறது. வலது கால் பின்னால் குறுக்கே மாட்டிக்கொள்கிறது.

இது தெரிந்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பயிற்சியில் "இடம்" என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எதிராளி சொல்வதில்லை. சரி. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவானதுதானே? மற்றவர்கள் அவனைவிடக் குறைவாகப் பழகியவர்கள், ஏமாறி அடி வாங்குகிறார்கள், ஆனால் விழுவதில்லை.

வீடியோவில் இல்லாத ஒன்று அடுத்த புதன்கிழமை தற்செயலாகக் கிடைத்தது. ஹெல்மெட்டின் நாடி வார் பிய்ந்திருந்தது. தைத்துவிட்டு, சரியாக உட்காருகிறதா என்று மாட்டிப் பார்த்தேன். நேராகப் பார்த்தபடி நின்றேன். என் கால் தெரியவில்லை. கோலமாவு முக்கோணத்தில் பக்கத்து முனையும் தெரியவில்லை. நாடித் தடுப்பும் கம்பி வலையின் கீழ்விளிம்பும் சேர்ந்து, முன்னால் இரண்டு அடி தூரத் தரையை அப்படியே மறைத்துவிட்டன. இத்தனை வருஷம் அந்த ஹெல்மெட்டை மாட்டியிருக்கிறேன், இதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

பழைய காலடிப் பயிற்சி வீடியோக்களை உடனே எடுத்துப் பார்த்தேன். 14 மாதமாக அவன் முக்கோணம் போடும் ஒவ்வொரு காட்சியிலும் நாடி மார்பைத் தொடுகிற மாதிரி குனிந்திருக்கிறது. கண் கோட்டில். அவன் கால் அழகாக விழுந்தது கண் அதை நடத்திக்கொண்டு போனதால். கண்ணை மறைத்ததும் காலுக்கு வழி சொல்ல ஆள் இல்லை.

இந்தப் பக்கத்துப் பழைய குத்துச்சண்டைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எந்தத் தெருவில் கேட்டாலும் "தரையப் பாக்காத, ஆளப் பாரு" என்பதுதான் முதல் பாடம். அந்தப் பாடத்தை நானும் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தரையைப் பார்க்கச் சொல்லி வெள்ளைக் கோடும் போட்டு வைத்திருந்தேன்.

கால் என்ன சொல்கிறது

மாணவன் ஊன்றி நடக்க இரண்டு வாரமானது. அதற்குள் மற்ற 13 பேரிடம் ஒரு சோதனை செய்தேன். முனையில் ஒரு டேப் துண்டு. வேறு கோடு எதுவும் இல்லை. நேராகப் பார்த்தபடி இடம், முனை, வலம், முனை என்று பத்துச் சுற்று. முடிந்ததும் குதிகால் டேப்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளவு. ஒரு தடவை வெறும் தலையோடு, ஒரு தடவை ஹெல்மெட்டோடு. வெறும் தலையோடு எல்லோரும் ஒரு சாணுக்குள் வந்தார்கள். ஹெல்மெட்டோடு 8 பேர் ஓர் அடிக்கு மேல் விலகினார்கள். ஆக, இது ஒருவனுடைய பிரச்சினை மட்டும் இல்லை. அவனிடம் அது முற்றியிருந்தது.

ஜூன் முதல் வாரம் அவனைச் சோதித்தபோது வெறும் தலையோடு நான்கு விரல் விலகல். ஹெல்மெட்டோடு ஒன்றரை அடி.

நிற்கிறபோது உடம்புக்குச் செய்தி மூன்று இடத்திலிருந்து வருகிறது: கண், உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, அப்புறம் பாதத்தின் தோலும் தசையும் மூட்டும். கண்ணைக் கழித்துவிட்டால் மற்ற இரண்டும் என்ன செய்கின்றன என்று தெரிந்துவிடும். ஒற்றைக் காலில் கண் திறந்து நிற்கச் சொன்னேன், எதிரே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி இரண்டு காலிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றான். அடிபட்ட காலிலும்கூட. கண்ணை மூடச் சொன்னேன். வலது காலில் 14 விநாடி. இடது காலில் 5.

"இது இப்ப சுளுக்கினதாலயா, முன்னாடியே இப்படியா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "ரெண்டு வருஷம் முன்னாடி பந்து ஆடறப்ப இதே கால்தான் மாஸ்டர். ஒரு வாரம் நொண்டினேன். அப்புறம் சரியாயிடுச்சு. சொல்லணும்னு தோணல."

சேரும்போது பழைய காயம் உண்டா என்று நானும் கேட்கவில்லை.

கணுக்காலின் வெளிப்பக்கம் எலும்பை எலும்போடு கட்டும் நார் ஒரு முறை இழுபட்டுவிட்டால், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அங்கிருந்து போகும் செய்தி மங்கிவிடும். வலி போன பிறகும் அந்த மங்கல் தங்கிவிடலாம். ஒரு முறை சுளுக்கிய கால் மறுபடி சுளுக்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அவனுடைய இடது கணுக்கால் இரண்டு வருஷமாக அரைகுறையாகப் பேசிக்கொண்டிருந்தது. கண் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்ததால் யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கும்கூட.

இன்னோர் அளவும் எடுத்தேன். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் விரல் நுனியால் முன்பக்கம் எவ்வளவு தூரம் எட்டித் திரும்ப முடிகிறது என்று டேப் வைத்துப் பார்ப்பது. இடது காலில் நின்றபோது 6 செ.மீ. குறைவு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களை வைத்து 2006-இல் வந்த ஓர் ஆய்வில், இந்த வித்தியாசம் 4 செ.மீ.க்கு மேல் இருந்தவர்களுக்குக் காலில் காயம் படும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. கூடைப்பந்துக் கணக்கைக் கம்புக்கு அப்படியே பொருத்த முடியாது. சுளுக்கி இரண்டு வாரமே ஆன காலை வைத்து எடுத்த அளவு என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். ஆனாலும் எங்கிருந்து தொடங்குவது என்று அது காட்டியது.

அப்போதும் என் மனதில் படகு உறுத்திக்கொண்டே இருந்தது. அலையில் நிற்கிறவனுக்கு எப்படி இது? அவனிடமே கேட்டேன்.

"போட்ல ஒத்தக் கால்ல யாரு மாஸ்டர் நிக்கறா? ரெண்டு காலயும் அகட்டி வச்சிக்குவோம், முட்டிய லூசா வுட்டுருவோம். போட்டு போற போக்குல நாமளும் போவணும். தாவறதே கெடையாது, தேச்சிக்கினேதான் போவணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தான்: "ஆனா ஒண்ணு, போட்ல யாரும் காலப் பாக்க மாட்டாங்க. வலையப் பாப்போம், அலையப் பாப்போம்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பேலன்ஸ் என்பது பையில் போட்டு வைத்து எங்கே வேண்டுமானாலும் எடுத்துச் செலவழிக்கும் காசு இல்லை. பலகையில் நின்றால் பலகையில் நிற்க வரும். படகில் நின்றால் படகில் நிற்க வரும். திசை மாறி இறங்குகிற காலுக்கு, திசை மாறி இறங்கித்தான் பழக வேண்டும். ஆனால் குனியாமல் இருப்பது அவனிடம் ஏற்கெனவே இருந்தது. படகிலிருந்து கொண்டுவந்த அதை நான் கோடு போட்டுக் கெடுத்திருந்தேன்.

மாற்றிப் பார்த்தது

கோட்டை அழித்தேன். அதற்குப் பதில் சன்னமான தேங்காய் நார்க் கயிற்றை முக்கோணமாக வைத்து, மேலே பழைய கோரைப் பாயை விரித்தேன். வெறும் காலால் மிதித்தால் கயிறு உள்ளங்காலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்துக் கயிற்றையும் எடுத்தாயிற்று. காலடி எதுவானாலும் ஹெல்மெட் கட்டாயம். வெயில் இறங்கிய பிறகும் வியர்த்து ஊற்றியது, பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், விட்டுக்கொடுக்கவில்லை.

வாயால் "இடம், வலம்" சொல்வதை நிறுத்தினேன். எதிரே நிற்கிறவர் மார்புக்கு நேராகக் கையை வைத்து ஒரு விரல் காட்டினால் வலம், இரண்டு காட்டினால் இடம். பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பதால் முகம் தானாக நிமிர்ந்தது. அப்புறம் விரலைக் காட்டிப் பாதியில் மாற்றுவது. இதுதான் சரியான இடம் என்று முதல் நாளே தெரிந்தது: விரல் மாறியதும் அவனுடைய இடது கால் வீடியோவில் இருந்த அதே மாதிரி, குதிகால் முதலில் பட்டு இறங்கியது. யாரும் அடிக்க வராத இடத்தில், பாயின் மேல், அதே தப்பு. இனி அதை எத்தனை தரம் வேண்டுமானாலும் நிறுத்தி, திருத்தி, திரும்பச் செய்யலாம். படகுப் பாஷையில்தான் சொன்னேன்: "தாவாத, தேச்சிக்கினு போ. முட்டிய லூசா வை." பாதத்தைத் தூக்கி வைக்காமல், முன்பாதம் முதலில் பட, தரையை ஒட்டியே போக ஆரம்பித்தான்.

பலகையை ஓரம் கட்டினேன். அந்த 15 நிமிடத்தில் இப்போது அடி வைத்து இறங்கி, இரண்டு எண்ணும் வரை அசையாமல் நிற்பது. நிற்கும்போது துணைவர் இடுப்பில் கட்டிய துண்டை எந்தப் பக்கம் என்று சொல்லாமல் லேசாக இழுப்பது. தடுமாறினால் தப்பில்லை, சின்னதாக ஓர் அடி வைத்துச் சேர்ந்துகொண்டால் போதும். அவனுக்கு மட்டும் தினமும் பல் தேய்க்கும்போது இடது காலில் நிற்கச் சொன்னேன், கண்ணை மூடி, சுவரில் ஒரு விரல் வைத்து.

ஸ்பாரிங்குக்கு நடுவில் ஒரு படி இல்லாமல் இருந்தது, அதைப் போட்டோம். ஒருவர் கையில் மட்டும் கம்பு, முதல் இரண்டு கோணம் மட்டும், ஏமாற்றலாம். மற்றவர் கையில் ஒன்றும் இல்லை, கால் மட்டும். ஒரு நிமிடம். இதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. வகுப்பு முடிந்தும் போக மாட்டேன் என்றார்கள். பின்னல் மாதிரி இரட்டைக் கம்பு ஆடும் சினாவாலியையும் இந்தக் காலடியோடு சேர்த்தேன். அந்தப் பெயர் பிலிப்பைன்ஸில் மூங்கில் பிளாச்சால் பின்னும் தட்டியின் பெயரிலிருந்து வந்தது. கை பின்னுகிற அழகில் கால் செத்து நிற்பது எங்கள் வகுப்பில் வாடிக்கையாகியிருந்தது. இப்போது ஒவ்வொரு நான்காவது தட்டுக்கும் முக்கோணத்தில் ஓர் அடி.

எல்லாம் கைகூடவில்லை. மூன்றாவது வாரம், பலகையின் மேல் நின்றபடியே கம்பு வீச்சைத் தடுக்க வைத்துப் பார்த்தேன். பார்க்க அருமையாக இருந்தது. ஒரு மாணவி பலகை நழுவி முழங்கை இடித்துக்கொண்டாள். அன்றோடு நிறுத்தினேன். அப்படி ஒரு நிலைமை ஸ்பாரிங்கில் வரப்போவதில்லை. என் ஆசைக்கு அவள் முழங்கை எதற்கு?

9 வாரத்துக்குப் பிறகு

9 வாரம் என்றாலும் ஜூன் 14-க்குப் பிறகு அவன் கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கு கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். மொத்தம் மூன்று வாரம் கையை விட்டுப் போனது. கண் மூடி இடது காலில் நிற்பது 5 விநாடியிலிருந்து 16. முன்பக்கம் எட்டும் தூரத்தில் வித்தியாசம் 6 செ.மீ.யிலிருந்து 3. இதில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு சுளுக்கு தானாக ஆறியதால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஹெல்மெட்டோடு முக்கோணம் போட்டால் விலகல் ஒரு சாணுக்குள் வந்துவிட்டது. இதைச் சுளுக்கு ஆறியதன் கணக்கில் எழுத முடியாது, ஏனென்றால் மற்ற எட்டுப் பேருக்கும் அதே போல் குறைந்தது.

ஆகஸ்ட்டில் இரண்டு ஞாயிறு ஸ்பாரிங். மூன்று இடத்தில் தடுமாறினான், ஒரு தடவைகூட விழவில்லை. மூன்றிலும் சின்னதாக ஓர் அடி வைத்துச் சேர்ந்துகொண்டது வீடியோவில் தெரிகிறது. அதில் ஒன்று அதே ஏமாற்று வீச்சு, அதே இடது மூலை. இறங்கிய கால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றது, எதிராளியின் மணிக்கட்டில் இவன் கம்பு விழுந்தது. மாடியே கத்தியது.

ஆனால் அந்த இரண்டு ஞாயிறும் அவன் கையில் முன்பைவிட அதிகமாக அடி வாங்கினான். கால் நன்றாக உள்ளே கொண்டு போகிறது, கை அந்த வேகத்துக்கு வரவில்லை. தூரத்தில் நின்று ஆடும்போது வெளித்தெரியாத கைச் சோம்பல் நடுத்தூரத்துக்கு வந்ததும் தெரிகிறது. அடுத்த வேலை அதில்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: எந்தக் கால், எப்போது, எத்தனை நாள் நொண்டினீர்கள். கோலமாவு டப்பாவைப் பாட்டியிடம் திருப்பிக் கொடுத்தேன். "ஏன்பா, பசங்களுக்கு வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் பாட்டி என்றேன்.

அவன் இப்போது கடலில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை கரைக்கு வந்ததும் விரல் நுனி எட்டும் தூரத்தை மறுபடி அளக்க வேண்டும். ஒரு வாரம் படகில் நின்ற காலில் அந்த 3 செ.மீ. என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.